ரேடியோக் காந்தம்

மண்ணைப் பரிசோதிக்க வந்தவர்கள், சுரங்கத் தண்ணீர் பாய்ந்த வயலின் நெல்லில் உலோகம் ஏறியிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து செங்கமலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழைய ரேடியோவிலிருந்து காந்தத்தைக் கழற்றி, முறத்தில் பரப்பிய அந்த வயல் அரிசிமேல் ஓட்டிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. வடித்த சோற்றின் மேலும் ஓட்டினாள்.

"அதான் ஒண்ணும் ஒட்டலயே, பைத்தியமே! சோத்தப் போடு, பசி உசுரு போவுது" என்று சிரித்தான் புருஷன் மாரப்பன். போட்டாள். மகளுக்கும் பிசைந்து ஊட்டினாள்.

மகள் தூங்கியதும் அவளுடைய சட்டையை மெல்ல விலக்கி, வயிற்றின்மேல் காந்தத்தை வைத்தாள். காந்தம் இழுத்ததா, தன் கைதான் நடுங்கியதா, தெரியவில்லை. மறுபடி வைத்தாள்.

இந்தத் தடவை மாரப்பன் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பனியனைத் தூக்கிக்கொண்டான்.

"எனக்கும் ஒருக்கா வச்சுப் பாரு புள்ள."