வேர்க்கிற சுவர்

"அண்ணை, சுவர் இண்டைக்கும் வேர்த்துக் கிடக்கு. முனியோட விளையாட ஏலாது. நான் நாளைக்கு வரமாட்டன்."

மேசன் நடராசா கரண்டியைக் கீழ வைச்சிட்டான்.

"முனிக்குத் தாகமெண்டாக் குடிக்கும். இறைக்குமே, மடையா?" எண்டு சிரிச்சான் ஐயாத்துரை. சுவரைத் தொட்டுப் பாத்தான்; கை நனைஞ்சுது. மல்லாவியில மழை பெய்து எத்தினையோ மாசம். சுவர் மட்டும் குளிச்சிட்டு நிக்குது.

வாய்க்காலுக்கு மதகு கட்டுற கொந்தராத்து, ரெண்டுபேருக்கும் ஒரே ஒப்பந்தம். இந்தக் கரைச் சுவர் ஐயாத்துரையின்ர. அந்தக் கரைச் சுவர் கூட்டாளி மஹ்றூப்பின்ர. சீமெந்து வெடிக்காமல் இறுக, நாளாந்தம் இவன்ர சுவருக்கு அவன் தண்ணி விடவேணும், அவன்ர சுவருக்கு இவன். ஒருத்தன்ர பிழை மற்றவன்ர கண்ணில படட்டுமெண்டு துவக்கத்திலயே பேசின பேச்சு.

போன கிழமை, "அண்ணை, உங்கட கலவையில மண் கூட" எண்டான் மஹ்றூப்.

"உன்ர கண்ணிலதான் மண்!"

அதோட கதை நிண்டுது. ஐயாத்துரை அந்தக் கரைக்குக் கால் வைக்கேல்லை. காய்ஞ்சு வெடிக்கட்டும் அவன்ர சுவர்! வெடிச்சா வேலையை மேற்பார்க்கிற ஓவசியர் ரெண்டுபேரையும் வீட்ட அனுப்புவார் எண்டது கோவத்துக்கு விளங்கேல்லை.

"முனியுமில்லை, சனியுமில்லை, மஹ்றூப்தான். என்னோட கோவமா நிக்கிறவன் எனக்குத் தண்ணி விடுவானே? இரவில சுவரை நனைச்சு என்ர ஆக்களைப் பயப்படுத்திக் கலைச்சுப்போட்டுத் தனியப் பேரெடுக்கப் பாக்கிறான். நாளைக்குப் பிடிக்கிறன்" எண்டான் ஐயாத்துரை.

விடியப்புறம் பாலை மரத்துக்குப் பின்னால பதுங்கினான். காட்டில ஒரு குருவிச் சத்தமில்லை.

சளக்... சளக்...

வெள்ளையா ஒரு உருவம். சுவரைத் தடவித் தடவித் தண்ணி ஊத்துது. ஐயாத்துரை மரத்தை இறுக்கிப் பிடிச்சான்.

"ஆ... ஆரடா?"

உருவம் திரும்பிச்சு. இடுப்பில வெள்ளைச் சாரம், கையில வாளி. மஹ்றூப்!

"பிடிச்சன் கள்ளனை! என்ர ஆக்களைக் கலைக்கிறியோ?"

"கலைக்கவோ? தண்ணியெல்லோ விடுறன்!" மஹ்றூப் தலையைக் குனிஞ்சான். "உண்மையைச் சொல்லுறன் அண்ணை. கோவத்தில முதல் நாள் நான் விடேல்லை. விடியப் பாத்தா, என்ர சுவர் நனைஞ்சு கிடக்கு. இந்த மனிசன் கோவத்திலயும் என்ர சுவரை மறக்கேல்லையே எண்டு வெக்கமாப் போச்சு. அதுக்குப் பிறகு ஒருநாளும் தவறவிடேல்லை."

தான் கால் வைக்காத அந்தக் கரையை ஐயாத்துரை திரும்பிப் பாத்தான்.

"இண்டைக்கு என்ர சுவருக்கு விட்டிட்டீங்களோ, அண்ணை?"

"இ... இனித்தான். கொண்டா வாளியை!"

பறிச்சுக்கொண்டு கிணத்தடிக்கு ஓடினான். அள்ளினான். சண்டைக்குப் பிறகு முதல்முதலா அந்தக் கரைக்குப் பாய்ஞ்சான்.

மஹ்றூப்பின்ர சுவர் சொட்டச் சொட்ட நனைஞ்சு நிண்டுது. கீழ புழுதியில ஒரு காலடியும் இல்லை.