மொட்டைமாடிக்கு ஒரு பூட்டு

சட்டை தைக்கும் கம்பெனியில் அவளைப் பட்டனக்கா என்றே எல்லாரும் அழைத்தனர். பதினோரு ஆண்டுகளாகப் பொத்தான் தைப்பதைத் தவிர அவள் வேறெதுவும் செய்து அவர்கள் பார்த்ததில்லை.

தலைமுடியை இறுக்கிக் கொண்டை போடுவாள். ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வாள். அதனாலேயே பேச்சும் குறைவு.

வீட்டிலோ அவளுக்குப் பெயர்கள் பல. படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு 'ஏம்மா', பிள்ளைகள் இருவருக்கும் 'அம்மா', கணவனுக்கு 'இந்தா'. விடிந்தது முதல் இவற்றுள் ஏதேனும் ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கும்.

எவரும் அழைக்காத அரைமணி நேரம் ஒன்று நாள்தோறும் அவளுக்கு இருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அன்று காலை கணவன், "இந்தா, வரும்போது ஒரு பூட்டு வாங்கிட்டு வா. பெருசா, கெட்டியா" என்று சொல்லியிருந்தான். எதற்கென்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மதிய உணவு வேளையில், வழக்கம்போல், நடுநிசி அண்ணனைப் பற்றிய பேச்சு தொடங்கியது.

நடுநிசி அண்ணன் என்பவர், இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் வானொலியில் ஆவிகளோடு குடித்தனம் நடத்துபவர். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். நேயர்கள் தொலைபேசியில் தாங்கள் கண்ட பேயைச் சொல்வார்கள். அவர் பரிகாரம் சொல்வார். மூட்டுவலித் தைல விளம்பரம் முடியுமுன் எந்தப் பேயும் அந்நிகழ்ச்சியில் தோன்றியதில்லை.

"நேத்து வந்தது அசல் கேஸு" என்றார் இஸ்திரிக்காரர். இரவெல்லாம் வானொலி கேட்டுவிட்டுப் பகலெல்லாம் சட்டைக் காலர்களைக் கருக்குபவர் அவர். "மொட்டைமாடியில, தண்ணித் தொட்டி பக்கத்துல ஒரு பொம்பள. முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கா. முடியை விரிச்சுப் போட்டிருக்கா."

"கால் இருந்துச்சா?" என்றாள் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவள்.

"முதுகைக் காட்டி உக்காந்தவளுக்குக் காலு எப்படிம்மா தெரியும்?"

"அப்போ இல்லைன்னுதான் அர்த்தம்."

இவ்வாறு கால் போயிற்று. அடுத்த ஐந்து நிமிடங்களில் அந்தப் பெண்ணுக்கு ஏமாற்றிய காதலன் ஒருவனும், இறந்துபோன குழந்தை ஒன்றும், அவள் குடித்த விஷமும் வந்து சேர்ந்தன.

காஜாக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம், உயிரோட இருந்தப்போ அவளை ஒருத்தராவது 'என்னம்மா கஷ்டம்'னு கேட்டிருப்பாங்களா?" என்று, பட்டனக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

பட்டனக்கா கையில் எடுத்த கவளத்தைச் சாப்பாட்டு டப்பாவிலேயே திரும்ப வைத்தாள்.

தண்ணீர்த் தொட்டியின் அருகில் கவிழ்த்துப் போட்ட வாளி ஒன்று உண்டு. இரவு பன்னிரண்டரை மணிக்கு மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்தபின், அவள் மாடிக்கு ஏறிப்போய், கொண்டையை அவிழ்த்துவிட்டு, அதன்மேல்தான் உட்காருவாள். அழுவதில்லை. பாடுவதில்லை. சும்மா இருப்பாள். அவளுடைய அரைமணி நேரம் அதுவே.

ஊரில் மொட்டைமாடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பஞ்சமா என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

இஸ்திரிக்காரர் பதிவு செய்து வைத்திருந்தார். கைப்பேசியை மேசையின் நடுவே வைத்தார்.

பேசியவன் பெயர் சொல்ல மறுத்துக் கிசுகிசுத்தான். தாகத்துக்கு எழுந்தானாம். மாடிக் கதவு திறந்திருந்ததாம். ஏறிப் பார்த்தானாம். பார்த்ததும் நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கிப் படுக்கைக்குள் புகுந்துவிட்டானாம்.

"ஏன் தம்பி இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?" என்றது கிணற்றுக் குரல்.

"பக்கத்துல என் சம்சாரம் தூங்குறா அண்ணா. போர்வையோட சேர்த்து அவளை அணைச்சுக்கிட்டுதான் பேசுறேன். அவ இருக்கவும்தான் எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு."

"பாத்தீங்களா, பொண்டாட்டி மேல என்ன பாசம்!" என்று இஸ்திரிக்காரர் உருகினார்.

கிசுகிசுத்த அந்தக் குரலைப் பட்டனக்கா பதினான்கு ஆண்டுகளாகக் கேட்டு வருகிறாள்.

போர்வைக்குள் இருந்தது இன்னதென்பதையும் அவள் அறிவாள். மாமியாரின் முதுகுக்கு முட்டுக்கொடுக்கும் நீளத் தலையணை. கணவன் கை துழாவினால் தட்டுப்படட்டும் என்று, நாள்தோறும் அவள்தான் அதைப் போர்த்திவைத்துவிட்டுப் போவாள். நேற்று இறங்கி வந்தபோது அவன் அதை இறுகக் கட்டிக்கொண்டு தூங்கினான். உருவி எடுப்பதற்குள் படாத பாடு பட்டாள். குளிர் போலும் என்று நினைத்தாள்.

அவளுடைய முதுகைப் பேய் என்றவன், தலையணையை மனைவி என்று தழுவியிருக்கிறான்.

தைல விளம்பரத்துக்குப் பிறகு நடுநிசி அண்ணன் பரிகாரம் சொன்னார். மாடிக் கதவுக்குப் பூட்டு. பெரிதாக, கெட்டியாக. அதையும் வீட்டுப் பெண்ணின் கையாலேயே வாங்கவேண்டும். காரணத்தை மட்டும் அவளிடம் சொல்லக் கூடாது.

"என்னக்கா, மூஞ்சியே வெளுத்துப் போச்சு? பயந்துட்டீங்களா?" என்றாள் காஜாக்காரி.

பதினோரு ஆண்டுகளில் பட்டனக்காவைப் பற்றி அங்கே எழுந்த முதல் கேள்வி அது.

"இல்லம்மா. மூணு சாவியோட வர்ற பூட்டு எந்தக் கடையில கிடைக்கும்?"

"மூணு எதுக்குக்கா?"

பட்டனக்கா ஊசியை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள்.

இரண்டை வீட்டில் கொடுப்பதென்றும், மூன்றாவதைத் தன் பொத்தான் டப்பாவில் போட்டுவைப்பதென்றும் அவள் முடிவு செய்திருந்தாள்.