பயாஸ் சிப் ஒப்பித்த பாடம்

ஒரு லேப்டாப்பின் மதர்போர்டில் பயாஸ் என்ற எட்டுக் கால் சிப் ஒன்று இருந்தது. சுவிட்சைப் போட்டதும் யார் யார் எந்த வரிசையில் எழ வேண்டும் என்ற பாடம் அதனிடம்தான் இருந்தது. ஒருநாள் புதுப் பாடம் ஏறும்போது மின்சாரம் போய், பாதி அழிந்துவிட்டது. அதன்பின் விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும்.

பழுது பார்க்கும் ரெஜினா சிப்பின் கால்களைக் கிளிப்பால் கவ்வினாள். கிளிப் வழியாக உள்ளே இருப்பதை இரண்டு முறை படிப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் புதுப் பாடம் எழுதுவாள். இல்லையென்றால் சிப் குப்பைக்குப் போகும்.

“சொல்லு தம்பி,” என்றது கிளிப்.

“அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகுது?” என்று சிரித்தது அதே போர்டில் இருந்த பெரிய பிராசசர்.

சிப்புக்கு ரோஷம் வந்தது. அழிந்த இடங்களில் வாய்க்கு வந்ததை நிரப்பிக் கடகடவென்று ஒப்பித்தது.

“அதையே மறுபடி சொல்லு,” என்றது கிளிப்.

எதை நிரப்பினோம் என்பது சிப்புக்கு நினைவில்லை. வேறு எதையோ சொன்னது.

ரெஜினா உதட்டைப் பிதுக்கினாள். சிப்பைப் பெயர்க்க, சூடான காற்றை ஊதும் ஹாட் கன்னைச் சூடேற்றினாள். வெக்கை சிப்பின் முகத்தில் அடித்தது.

“நான் சரியாக் கவ்வலையோன்னு சந்தேகப்படுறாங்க. இன்னொரு தடவை படிக்கப் போறாங்க, இதுதான் கடைசி,” என்றது கிளிப்.

சிப் தொடங்கியது. அழிந்த இடம் வந்தது. பிராசசர் சிரிக்கக் காத்திருந்தது.

“இங்கே ஒண்ணுமில்லை,” என்றது சிப். “இங்கேயும் ஒண்ணுமில்லை.”

திரும்பக் கேட்டபோதும் அதையேதான் சொன்னது.

ரெஜினா ஹாட் கன்னை அணைத்தாள். புதுப் பாடம் எழுதி முடித்து, சுவிட்சில் விரல் வைத்தாள்.

“போன தடவை யாரை முதல்ல எழுப்பினே, சொல்லு பார்ப்போம்!” என்று சீண்டியது பிராசசர்.

“தெரியாதுண்ணே. இன்னைக்கு முதல்ல நீங்க எழுந்திருங்க,” என்றது சிப்.

விசிறி சுற்றியது, நிற்கவில்லை.