பேட்டரிக்குப் பலகை

கார் நிறுத்தும் கொட்டகைச் சன்னலின் வழியே வரும் வெயில், சிமெண்டுத் தரையில் கிடக்கும் பேட்டரியையும் பலகையின்மேல் வீற்றிருக்கும் பேட்டரியையும் ஒன்றுபோலவே தொடுகிறது. அடுக்களையின் மேல்தட்டை எட்ட மனைவி ஏறி நிற்கும் பலகை அது. தரை மின்சாரத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்லி, மழைக்காலம் முழுவதும் கணவர் அதைப் பறித்து வைத்திருக்கிறார். இன்று அதை மெய்ப்பித்துக் காட்ட இரண்டு பேட்டரியிலும் மாறிமாறி அவர் மீட்டரை வைக்க, முள் ஒரே இடத்தில் நிற்கிறது. “ரெண்டும் ஒண்ணாத்தானே காட்டுது?” என்கிறாள் அவள். “மீட்டர்ல ஏதோ கோளாறு.” “அப்ப அதையும் பலகை மேல தூக்கி வைங்க.” அவர் மீட்டரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். அவள் பேட்டரியைத் தரைக்கு இறக்கிவிட்டுப் பலகையைத் தூக்குகிறாள். அதன் நடுவில், கசிந்த அமிலம் தின்ற கரிய கட்டம். நகம் பட்டதும் மரம் பொடிந்து உதிர்கிறது. பலகையை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு நிமிர்கிறாள். “இனிமே மேல்தட்டு டப்பாவெல்லாம் நீங்கதான் எடுத்துத் தரணும்.”