காய்ச்சலைக் காட்டிக்கொடுத்தவள்

யோகநாதனை அடுத்த வளவு ராக்காயி காட்டிக்கொடுத்துவிட்டாளாம். கண்டாவளையில் அந்த ஒழுங்கை முழுக்க இதே கதைதான்.

யோகநாதன் ஆபிரிக்காவில் றோட்டு வேலை செய்துவிட்டு லீவில் வந்தவன். வந்த ஒன்பதாம் நாள் குளிர்காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று மனைவி பத்மாசனி கெஞ்சினாள். மலேரியா என்று தெரிந்தால் கொம்பனி திருப்பி எடுக்காது, வாயைப் பொத்திக்கொண்டு இரு என்றான்.

அவள் பயந்தது வேறொன்றுக்கு. போன கிழமைதான் அவர்களுடைய கிணற்றில் புது இன நுளம்பின் குடம்பிப் புழு கிடக்கிறதென்று சுகாதாரப் பகுதியினர் அதைத் தின்ன மீன்குஞ்சு விட்டுப் போயிருந்தார்கள். மலேரியாக்காரன் ஒருவனைக் கடித்தால் போதும், இந்த நுளம்பு ஊருக்கே பரப்பிவிடும் என்று சொன்னதும் அவர்கள்தான். பிள்ளைகள் இரண்டும் தகப்பனுக்குப் பக்கத்தில் படுக்குதுகள். காதடியில் ஒரு நுளம்பு இரைந்தாலே எழும்பி லைட்டைப் போட்டுத் தேடினாள்.

மூன்றாம் நாள் காலை மலேரியாப் பரிசோதகர்கள் வாசலில் வந்து நின்றார்கள். யாரோ போன் பண்ணினார்களாம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியாவேதான்.

அம்புலன்ஸில் ஏறும்போது யோகநாதன் அடுத்த வளவைப் பார்த்துக் கத்தினான். “தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்ததுகளுக்குப் பக்கத்தில குடியிருந்தா இதுதான். காட்டிக் குடுக்கிற கூட்டம்.”

சண்டைக்காலத்தில் அந்தச் சொல்லால் உயிர்கள் போன வன்னியில், அதற்கு என்ன பாரம் என்று விளக்க வேண்டியதில்லை. ராக்காயி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றாள். பத்மாசனி அவனுடைய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

அதற்குப் பிறகு ராக்காயி கடைக்குப் போனால் அங்கே கதை நின்றுவிடும்.

யோகநாதன் தேறி வந்தான். இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் மூளைக்கு ஏறியிருக்கும் என்றாராம் டொக்டர். ஒழுங்கையில் எல்லோருக்கும் இரத்தம் பார்த்தாயிற்று, ஒருவருக்கும் தொற்றவில்லை. அப்படியிருந்தும் வேலியைப் பார்த்துக் காறித் துப்புவதை அவன் விடவில்லை.

அவன் சந்திக்குப் போன நேரம் பார்த்து, பத்மாசனி வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் புகுந்து போனாள்.

“ராக்காயி அக்கா, போன் பண்ணினது நான்.”

“தெரியும் புள்ள. கெணத்தடியில நின்னு நீ பேசுனது கேட்டிச்சு.”

“தெரிஞ்சும் ஏன் அக்கா அவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கொண்டு நிண்டனீங்கள்?”

ராக்காயி அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

“என்னைய அந்தாளு வேலிக்கு அங்கிட்டு நின்னுதானே ஏச முடியும். நீ வேலிக்கு உள்ள இருக்கிறவ, புள்ள.”