புகார்ப் புத்தகம்

"ஒரு ஜோடி ஷூ எடுக்க இருபது நிமிஷமா? ஆடி அசைஞ்சு வர்றியே!"

மாடியிலிருந்து பெட்டியோடு இறங்கி வந்த விற்பனைப் பெண்ணிடம் எரிந்து விழுந்தாள், மகளுக்கு ஷூ வாங்க வந்த அம்மா.

"மன்னிச்சிடுங்க மேடம்."

"விலை குறைஞ்ச ஷூ வாங்க வந்தா இளக்காரமா? அங்கே பாரு!"

சுவர் விளம்பரத்தில் முகம் இல்லை. பறக்கும் இரண்டு கால்களும், அந்த ஓட்டக்காரியின் கையெழுத்தும்தான்.

"அந்தச் சுறுசுறுப்புல பத்துல ஒரு பங்காவது உனக்கு இருக்கா? எடு புகார்ப் புத்தகத்தை!"

"வேண்டாம்மா" என்று மகள் கெஞ்சியும் கேட்காமல் அரைப் பக்கம் எழுதித் தள்ளினாள்.

"நானும் கையெழுத்துப் போடணும் மேடம். கடை விதி."

வலது முழங்காலைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்து, தன் மேல் எழுதிய புகாரின் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள்.

மகள் புது ஷூவை வெளியே எடுத்தாள். அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருந்த கையெழுத்தையும், புத்தகத்தில் மை காயாத கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா... ரெண்டும் ஒண்ணும்மா!"

அம்மாவின் பார்வை சுவரிலிருந்த கால்களுக்குப் போய், அந்த முழங்காலில் வந்து நின்றது.

விற்பனைப் பெண் குனிந்து சிறுமிக்கு ஷூ கயிற்றைக் கட்டிவிட்டாள்.

"எங்கே, ஒரு ஓட்டம் ஓடிக் காட்டு கண்ணு. நான் பார்க்கறேன்."