பயில்வான் கொலை வழக்கு

"செத்தது பயில்வான். கொன்னது நீங்க வாங்கிட்டு வந்த நண்டு. இதுல விசாரிக்க என்னங்க இருக்கு?"

கணவன் கண்ணாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். உப்பு நீருக்கடியில், மணலில், சிவப்பும் வெள்ளையும் பட்டை போட்ட இறால் மல்லாந்து கிடந்தது. நேற்றுவரை கொடுக்குகளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்ததையெல்லாம் சண்டைக்கு இழுத்தது. அதனால்தான் பயில்வான்.

வலையில் அள்ளினான். காகிதம்போல் கனமே இல்லை.

"உள்ள ஒண்ணுமே இல்லையே!"

"எப்படி இருக்கும்? வழிச்சுத் தின்னுட்டு ஓட்டை மட்டும் நமக்கு வச்சிருக்கு. புதுசா எதையும் உள்ள விடாதேன்னு அண்ணி படிச்சுப் படிச்சு சொன்னாங்க."

தொட்டி அவனுடைய அக்காளுடையது. வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடிக்கும்வரை இங்கே விட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வாள்.

"நண்டு வாங்கினது நான்தானே. அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"நீங்க சொன்னாலும் பேர் எனக்குத்தான். அவங்க குடுத்த ரோஜாச் செடி காஞ்சு போச்சு. அதுலேருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அதே பேச்சு. அவ கைக்கு ராசி இல்ல, அவ கைக்கு ராசி இல்ல. இனிமே செடியோட இறாலும் சேர்ந்துக்கும்."

அவன் பால்கனிப் பூந்தொட்டியில் பயில்வானைப் புதைத்து, மேலே ஒரு பூ வைத்தான். அவள் நண்டை, அது குடியிருந்த சங்கோடு தூக்கி உப்புநீர் வாளியில் போட்டாள்.

"கிட. ஆயுள் தண்டனை."

அன்று மாலையே வளர்ப்பு மீன் கடைக்கு ஓடினார்கள். அதே பட்டை, அதே கொடுக்கு. அளவுதான் கொஞ்சம் சிறியது.

"தொட்டியில இதே ஜாதி வேற இல்லையே?" என்று கேட்டார் கடைக்காரர். "ரெண்டு சேர்ந்தா பெரும்பாலும் ஒண்ணுதான் மிஞ்சும்."

"ஒண்ணு இருந்துச்சு. போய்ச் சேர்ந்துடுச்சு," என்றாள்.

தொட்டியில் விட்டதும் புதியவன் பாறைக்குப் பின்னால் போனவன்தான். எப்போதாவது மீசை தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டிக்கு வந்தாள். ஒரு சிட்டிகை இரையைப் போட்டாள். பாறைக்குப் பின்னாலிருந்து இறால் வெளியே வந்தது.

"என்னடா தம்பி, பாதியா இளைச்சிட்டான்?"

"உங்களைப் பிரிஞ்ச ஏக்கம், அண்ணி," என்றாள் அவள்.

"சும்மா இரு. என் பயில்வானுக்கு ஒரு கொடுக்கு பெருசு. இது அவன் இல்ல."

நாத்தனார் தொட்டியின் மூலைமூலையாகத் தேடினாள்.

"அவன் எங்கடா?"

"அக்கா... அது வந்து..."

"அதோ!" நாத்தனாரே கை காட்டினாள்.

பாறையிடுக்கிலிருந்து இன்னொரு இறால் வந்தது. பெரியது. ஒரு கொடுக்கு பெருத்தது. புத்தம்புது பளபளப்பு. சிறியதன் அருகில் போய் நின்றது. கொடுக்கைத் தூக்கவில்லை. மீசையால் மெல்லத் தடவியது.

"சட்டை உரிச்சிருக்கானே!" என்றாள் நாத்தனார். "உரிச்சது அச்சு அசல் செத்த இறால் மாதிரியே கிடக்குமே. அவனும் புது ஓடு இறுகுற வரைக்கும் ஒளிஞ்சுக்குவான். பயந்திருப்பீங்களே?"

கணவன் பால்கனிப் பூந்தொட்டியைப் பார்த்தான். பிறகு வாளியைப் பார்த்தான்.

நாத்தனார் அவள் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. "நான் மூணு தடவை ஜோடி போட்டுப் பார்த்தேன். மூணு தடவையும் அடிச்சுக்கிட்டு ஒண்ணு செத்துப்போச்சு. நீ எப்படிடி சேர்த்து வச்ச?"

அவள் நிதானமாகச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கைராசி, அண்ணி."